மருந்து வேண்டாம் என்ற டாக்டர்

தம்பியின் தொடை நீலமாகக் கன்றியிருந்ததைக் கண்ட அன்று அம்மா என்னைத்தான் அடித்தாள். அவனுக்கு ஐந்து வயது, எனக்கு எட்டு. வீட்டில் வேறு பிள்ளைகள் கிடையாது. ஆகவே கிள்ளியது நானாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவள் முடிவு.

"தூங்கிக்கினு இருக்கற புள்ளய எதுக்குடி கிள்ளின?"

"நான் தொடவே இல்லம்மா" என்றேன். தம்பியும் எனக்காகச் சாட்சி சொன்னான். எடுபடவில்லை. என் பாயைத் தறிக்கு அந்தப்புறம் போட்டார்கள். அப்புறமும் முதுகிலும் கையிலும் கன்றியது. பிறகு காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. பல் விளக்கினால் ஈறிலிருந்து ரத்தம் கசிந்து நிற்க மறுத்தது. பிள்ளையார்பாளையத்து வைத்தியர் சோகை என்று லேகியம் கொடுத்தார். ஆட்டு ஈரலை வேகவைத்துக் கொடுக்கச் சொன்னார் இன்னொருவர். தம்பி அதை வாயில் அடக்கிக்கொண்டு, அம்மா அந்தப்பக்கம் திரும்பியதும் என் கையில் துப்புவான்.

அவன் வெளுத்துக்கொண்டே போனான். அப்பா பாதிச் சேலையைத் தறியிலேயே விட்டுவிட்டு, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவனை ரயிலில் கூட்டிப்போனார். நான் வராமல் வண்டி ஏறமாட்டேன் என்று அவன் பிடித்த பிடியில் என்னையும் அழைத்துப்போனார். அங்கே அவன் விரலைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி எடுத்துப்போனார்கள். வெகுநேரம் கழித்து வந்த டாக்டர் அப்பாவின் தோளில் கைவைத்தார்.

"ரத்தத்துல வெள்ளை அணு அளவுக்கு மீறிப் பெருகிப்போச்சுப்பா. நல்ல ரத்தம் ஊற அது விடாது. காய்ச்சல், ரத்தக்கட்டு எல்லாம் அதாலதான். யாரும் ஒண்ணும் பண்ணல."

"மருந்து எழுதிக் குடுங்கய்யா."

"மருந்து வேணாம். ஊருக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. புள்ள என்ன கேக்குதோ வாங்கிக் குடுங்க."

அது ரத்தப் புற்றுநோய். அந்தப் பெயரையே நான் அறிந்தது, என் பேத்தியோடு படித்த பெண் ஒருத்தி அதிலிருந்து தேறி மறுபடி பள்ளிக்கூடம் போன காலத்தில்தான். அந்நாளில் அதற்கு மருந்தே இல்லை. மழைக்காலம் தொடங்குமுன் தம்பியைப் பறிகொடுத்தோம்.

ஆனால் ரயிலில் திரும்பிய அன்று எனக்கு ஒரே கொண்டாட்டம். அவன் கேட்ட ஆரஞ்சில் பாதி எனக்கு வந்தது. அப்பா ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவேயில்லை. தெருமுனை வந்ததும் நான் முன்னால் ஓடினேன். எதிர்வீட்டு அத்தை வாசலில் நின்றிருந்தாள்.

"தம்பிக்கு ஒண்ணுமில்ல அத்தே. மருந்தே வேணாம்னுட்டாரு டாக்டரு."

"அந்த ஏகாம்பரநாதர்தான் காப்பாத்தினாரு" என்று அத்தை அம்மாவைக் கூப்பிட்டாள். வெளியே வந்த அம்மா, தம்பியைத் தோளில் சாய்த்தபடி பின்னால் வந்த அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். என்னை இழுத்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டு அழுதாள். சந்தோஷம் தாங்காமல்தான் அழுகிறாள் என்று நினைத்தேன்.

"அழாதம்மா, இனிமே அவன் எது கேட்டாலும் கெடைக்கும்" என்றேன்.