தில் பகதூரின் புது அறை

1. வெள்ளி காலை 8.10க்கு காத்மாண்டுவில் விமானம் ஏறினேன். நாலரை மணி நேரம். துபாய் நேரம் 10.55க்கு இறங்கினேன்.
2. விமான நிலையத்திலிருந்து அல் கூஸுக்கு டாக்ஸி, 62 திர்ஹம்.
3. 12.40க்கு தொழிலாளர் கேம்ப் வாசலில் நின்றேன். நான் தேடி வந்த தில் பகதூர் டூட்டியில் இருந்தார்.

வெள்ளிக்கிழமை லீவு என்று, முன்பு துபாயில் வேலை பார்த்த என் சித்தப்பா சொன்னதை நம்பி வந்திருந்தேன். எதிரே டீக்கடை வைத்திருக்கும் கீழக்கரை காசிம் பாயிடம் இதைச் சொன்னேன்.

“சித்தப்பா ஊருக்குத் திரும்பி எத்தனை வருஷமாச்சு?”

பதினைந்து இருக்கும் என்றேன்.

“அதான். இந்த கேம்ப்புக்கு இப்ப ஞாயித்துக்கிழமைதாம்மா லீவு. ஜும்ஆ தொழுகைக்கு மட்டும் விடுவாங்க, முடிஞ்சா யல்லா, கிளம்புன்னு திரும்ப டூட்டிதான்.”

மறுநாள் காலை எனக்குச் சென்னை விமானம். நேபாள மலைக்கிராமங்களில் படிக்க வரும் வெளிநாட்டு மாணவர்கள் தங்கும் வீடுகளைச் சோதிப்பது, சிவில் இன்ஜினியரிங் படித்த என் வேலை. பகதூரின் வீட்டை ஒட்டிய புது கான்கிரீட் அறையில் நான்கு பேரைத் தங்கவைக்க அவர் மனைவி சரிதா சம்மதித்துவிட்டார். வீட்டுப் பத்திரம் பகதூர் பெயரில் இருப்பதால் சம்மதப் படிவத்தில் அவர் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்காது.

ஐந்தே முக்காலுக்கு கேம்ப் பஸ் வந்தது. பெண்களை உள்ளே விடுவதில்லை என்பதால் பகதூர் டீக்கடைக்கே வந்தார். சாரம் கட்டும் வேலை. ஒன்பது வருடமாக இங்கே. நேபாளியில் பேசினோம். அறையின் படங்களைக் காட்டினேன். தரை ஓடுகளைப் பெரிதாக்கிப் பார்த்தார். எல்லாம் அவரே போனில் பார்த்துத் தேர்ந்தெடுத்தவை, நேரில் பார்த்ததில்லை.

“அந்த ரூம்ல முதல் ஆளா நான்தான் படுக்கணும், மேடம். அதுவரை யாரும் வேண்டாம்.”

மாணவர்களை அனுப்பும் முன் அந்த இடத்தில் நாங்கள் ஓர் இரவு தங்கிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் விதி. போன மாதமே தங்கிவிட்டேன். மறைக்காமல் சொன்னேன்.

பகதூர் டீயைத் தள்ளி வைத்தார். என்னவென்று கேட்ட காசிம் பாய்க்கு விஷயத்தைத் தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று. “இன்ஸ்பெக்‌ஷன் எல்லாம் கணக்குல வராது தம்பி” என்று காசிம் பாய் பகதூரிடம் இந்தியில் சமாதானம் சொல்லிப் பார்த்தார். பகதூர் அவர் பக்கம் திரும்பவில்லை.

“கட்டில்லயா படுத்தீங்க?”

“இல்ல. சரிதா தரையில பாய் போட்டாங்க. கட்டில் மேல பிளாஸ்டிக் அப்படியே இருக்கு, பிரிக்கக் கூடாதுன்னாங்க.”

அவர் முகத்தில் இறுக்கம் தளர்ந்தது. மழை பெய்தால் உள்ளே சத்தம் கேட்கிறதா என்று கேட்டார். கேட்கவில்லை, ஆனால் ஜன்னல் மூலையில் கொஞ்சம் கசிகிறது என்றேன். லீவில் போய்ப் பூசிவிடுவதாகச் சொல்லிப் பேனாவை வாங்கினார். கையெழுத்துக்கு மேலே, தான் வந்து தங்கிய பிறகே மாணவர்கள் என்று நேபாளியில் ஒரு வரி எழுதினார்.

இப்போதைய நிலை: படிவம் என்னிடம் இருக்கிறது. செப்டம்பரில் வரவேண்டிய மாணவர்களை நவம்பருக்கு மாற்றக் கேட்டு அவர்கள் கல்லூரிக்கு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. பகதூர் தசராவுக்கு லீவு எழுதிக் கொடுத்திருக்கிறார். அதற்கும் பதில் வரவில்லை. அறை பூட்டியிருக்கிறது.