லண்டன் ஃபோனும் காய்ச்சல் தெர்மாமீட்டரும்

பம்பாயில் நாலு காசு பார்த்துத் திரும்பிய மாமா ஒருவர் இருந்தால் போதும், வீட்டுக்கு வேறு சனியன் வேண்டாம். எங்கள் மாமா அம்மாவுக்கு அண்ணன். அக்காவுக்கு லண்டன் மாப்பிள்ளையைப் பிடித்துவந்தவரே அவர்தான். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அக்கா பக்கத்து வீட்டு ஃபோனுக்குக் கூப்பிடுவாள். பேச்சு ஒத்துவந்தால் கல்யாணம்.

"லண்டன்காரங்க வாயத் தெறந்தா மொதல்ல காலாவஸ்தையாக்கும். வெயிலா, மழையா, எத்தன டிகிரின்னு கேப்பாங்க. டக்குன்னு இங்கிலீசுல சொல்லணும், கேட்டியா மக்கா" என்றார் மாமா.

டிகிரிக்கு எங்கே போவது? காய்ச்சலுக்கு வாயில் வைக்கிற தெர்மாமீட்டரை எடுத்து வாசல் ஆணியில் தொங்கவிட்டார். வெயிலில் அது நூற்று நாலுக்கு ஏறி, அப்படியே நின்றுவிட்டது. மறுநாள் மழை கொட்டும்போதும் நூற்று நாலுதான். ஊருக்கே காய்ச்சல்! உதறினால்தான் இறங்கும் என்று அம்மா சொல்ல, தினமும் உதறுகிற வேலை என் தலையில் விழுந்தது. போதாததற்கு லண்டன் நாத்தனாராகவும் நான்தான் நடிக்க வேண்டும்.

"ஹவ் இஸ் த வெதர்?" என்று நான் கேட்பேன். "வெரி ப்ளசன்ட். நைன்ட்டி ஃபைவ் டிகிரீஸ்" என்று அக்கா சொல்ல வேண்டும். அவளோ சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். கேட்டுக் கேட்டு எனக்குத் தொண்டை கட்டிப்போனது.

மழை என்ற சொல்லுக்கு மட்டும் மாமா தடை போட்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டாருக்கும் பூர்வீகம் எல்லைக்கு அந்தப்பக்கத்து ரப்பர் ஊரான வெள்ளறடைதான். மழை என்றால் ரப்பர் வெட்டு, அதாவது பட்டையைக் கீறிப் பாலெடுக்கும் டாப்பிங், கிடையாது என்பது அவர்களுக்குத் தெரியும்; அதிலிருந்து பேச்சு எங்கெங்கோ போகும். அப்பா போனபிறகு அம்மாவும் அக்காவும் விடியுமுன் போய் வெட்டிவரும் மரங்கள் ஒரு முதலாளியுடையவை. அவையெல்லாம் எங்களுடையவை என்று மாமா அவர்களிடம் அளந்துவிட்டிருந்தார்.

ஞாயிறன்று மழை ஓட்டைப் பிய்த்துக்கொண்டு பெய்தது. பக்கத்து வீட்டில் ஃபோன் அடித்தது. நான் அக்காவின் தோளில் தொங்கியபடி காதை ஒட்டவைத்தேன். மாமா சொன்னது சொன்னபடி, வெதர் எப்படி என்றுதான் அந்தக் குரல் முதலில் கேட்டது.

"ஹெவி ரெய்ன், சேச்சி" என்றாள் அக்கா, தெளிவாக. "நோ டாப்பிங். அம்மா அண்ட் மீ, நோ வொர்க் திஸ் வீக்."

நீயும் வெட்டப் போவாயா என்று அந்தக் குரல் மலையாளத்தில் கேட்டது: "மோளும் வெட்டான் போகுமோ?"

"போகும் சேச்சி. மரம் ஞங்ஙளுடேதல்ல" என்று, மரம் எங்களுடையது இல்லை என்பதையும் போட்டு உடைத்தாள் அக்கா.

மாமா தலையில் அடித்துக்கொண்டார். "நாசமாக்கிட்டியே எட்டி! நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" வீடு வரை அவர் வாய் ஓயவில்லை. லண்டனிலிருந்து பிறகு ஃபோன் வரவே இல்லை.

அன்று வீட்டுக்குள் நுழைந்ததும், ஏபிசிடி தெரியாத அம்மா, முந்தானையால் அக்காவின் தலையைத் துவட்டிக்கொண்டே, "விடு அண்ணா. பிள்ள நல்லாத்தான் பேசினா" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வாரம் உயிரைக் கொடுத்தவள் நான் அல்லவா?

"ஒண்ணும் நல்லா பேசல்ல!" என்று கத்தினேன். "அவ டிகிரியே சொல்லல்ல அம்மா!"