உசிலம்பட்டி வரைக்கும் ஓர் உருண்டை

போன சனிக்கிழமை சாயங்காலம் என் மகன் சாப்பாட்டு மேசைமேல் பளபளவென்று ஏழெட்டுப் பொட்டலங்களைப் பரப்பி, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐம்பது வயதாகிறது அவனுக்கு. இரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் சைக்கிள் ஓட்டப் போகிறான். மறுநாள் எழுமலை வரைக்கும் போவதாக ஏற்பாடு. வழியில் தின்ன எதைக் கொண்டுபோவது என்றுதான் அவ்வளவு ஆராய்ச்சி.

"பசிக்குறதுக்கு முன்னாடியே திங்கணும்மா. பசிச்சப்புறம் தின்னா காலு ஓடாது. கையில ஒட்டக்கூடாது, தண்ணி தவிக்கக்கூடாது, பையில நசுங்கக்கூடாது" என்றான்.

நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டேன். சிரிப்பு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் நான் படித்தது ஐந்து வருஷம். இவன் சொல்லும் பாடத்தைப் படித்துத் தேறியது அதற்குப் பிறகு, என் அடுப்படியில்.

இவன் அப்பாவும் அதே எழுமலைக்குத்தான் போவார். ரவிக்கைத் துணி மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு திங்கள்கிழமை விடியக் கிளம்பினால், நாகமலை புதுக்கோட்டை, செக்கானூரணி, உசிலம்பட்டி என்று ஊர் ஊராக விற்றுக்கொண்டு போய், மறுநாள் பொழுது சாயத் திரும்புவார். கூடவே வளையல் விற்கிற பாய் ஒருவர் இன்னொரு சைக்கிளில் வருவார். தெருமுனை மேட்டில் சைக்கிள் குதிக்கும்போது அவருடைய கண்ணாடி வளையல்கள் ஒரு சத்தம் போடும். அதைக் கேட்டதும் நான் உலை வைப்பேன்.

வழிக்கு எதைக் கட்டிக் கொடுப்பது? அவரையே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்கிற ஆளாக நான் இருந்திருந்தால் இதை எழுதவே வேண்டியதில்லை. கல்யாணமாகி மூன்று வருஷம் அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்ததில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார், நான் பின்னால் நின்று பரிமாறுவேன். அவருடைய பிடரியில் ஒரு மச்சம் உண்டு. அதுதான் எனக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் முறுக்கு கொடுத்தேன். ரோட்டுக் குலுக்கலில் மாவாகிப் பையின் மூலையில் கிடந்தது. வாழைப்பழம் நசுங்கி எறும்போடு வந்தது. அதிரசத்து எண்ணெய் துணி மூட்டையில் இறங்கிவிட்டது. "எண்ணெ வேணாம்" என்றார் அன்றைக்கு. நான் கட்டிக் கொடுத்ததைப் பற்றி அவர் என்னிடம் சொன்ன ஒரே பேச்சு.

கடைசியில் பொருவிளங்காய் உருண்டைக்கு வந்து சேர்ந்தேன். பச்சரிசியையும் பாசிப்பயறையும் சிவக்க வறுத்து, திரித்து, சுக்குத் தட்டிப்போட்டு, வெல்லப்பாகு கொதிக்கக் கொதிக்க ஊற்றி, சூடு ஆறுமுன் பிடித்துவிட வேண்டும். உள்ளங்கை பழுத்துவிடும். ஆறினால் கல். உதிராது, ஒட்டாது, கெடாது.

அந்த வாரம் உருண்டை போட்டுக் கொடுத்த மஞ்சள் பை காலியாக வந்தது. அதுமட்டுமில்லை, நாலாக மடித்து, ஓரமெல்லாம் நீவி வந்தது. முறுக்குக்கும் பழத்துக்கும் சுருட்டி எறிந்த பை! ஆகா, பிடித்துவிட்டது, சொல்லக் கூச்சம், மடித்துக் காட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஆளில்லாத நேரம் பார்த்து அந்த மடிப்பைப் பிரித்துப் பிரித்து மடித்தேன். அவர் ஊர் ஊராகப் போவதை நிறுத்தும்வரை பதினொரு வருஷம் வாரம் தவறாமல் உருண்டை. பதினொரு வருஷமும் பை மடிந்தே வந்தது. அதைவிட ஒரு பெண்டாட்டிக்கு என்ன வேண்டும் என்று இருந்தேன்.

அவர் தவறின மூன்றாம் நாள் பாய் வந்தார். தலையெல்லாம் வெளுத்துவிட்டிருந்தது. கதவோரம் நின்ற என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ஏன் தங்கச்சி, அம்புட்டுக் கல்லா ஒரு உருண்டை புடிப்பியே, நெனவிருக்கா? மாப்ளைக்குத்தான் ரெண்டு பக்கமும் கடவாப்பல்லு கெடையாதே, எங்கிட்டுக் கடிக்க? நாகமலையில வாயில போட்டாருன்னா உசிலம்பட்டி வரைக்கும் கன்னத்துல ஒதுக்கிக்கிட்டே வருவாரு. நான் என்ன பேசினாலும் 'ம்'முன்னுதான் பதில் வரும். பம்பால தட்டி ஒடச்சுத் தாரேன் மாப்ளன்னா, அதுக்கும் 'ம்ஹும்'தான்."

பல் இல்லை என்பது எனக்குத் தெரியாது. பிடரியைப் பார்த்துக் குடும்பம் நடத்தினவளுக்கு எப்படித் தெரியும்? பை மடிந்து வந்ததே என்று வாய்க்குள் முனகினேன்.

"பையா? அது நான் மடிக்கிறது. வளையப் பொட்டிக்கு அடியில மெத்தைக்கு வைப்பேன், தெருமுனை வந்ததும் திருப்பிக் குடுத்துருவேன். முறுக்குப் பை பிசுபிசுன்னு இருக்கும், அதுக்கு ஆகாது."

பதினொரு வருஷம் நான் படித்தது பாயின் கையெழுத்தை.

பாய் எழுந்து செருப்பு மாட்டும்போது இன்னொன்று சொன்னார். "ஒருநா சொன்னேன், 'மாப்ள, தங்கச்சிகிட்ட சொல்லு, எள்ளுருண்ட புடிச்சுத் தரும்'னு. வாயிலேருந்து அத எடுத்துக் கையில வச்சுக்கிட்டு, 'சொன்னா நிறுத்திப்புடுவா'ன்னாரு."

அது பிடித்துப்போய்ச் சொன்னதா, என் மனம் நோகும் என்று சொன்னதா? கேட்கத்தான் வாயெடுத்தேன். தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது பாய் தெருமுனையில் போய்க்கொண்டிருந்தார். ஒரு கூப்பிடு தூரம்தான். கூப்பிடவில்லை. அவரும் போய்ச் சேர்ந்து இப்போது ஆறு வருஷம்.

சனிக்கிழமை ராத்திரிச் சமையலோடு நாலு உருண்டை பிடித்தேன். மகன் ஒன்றை எடுத்து மேசையில் தட்டிப் பார்த்தான். "பல்லு போயிரும்மா" என்று சிரித்துவிட்டு அவன் பொட்டலங்களையே எடுத்துக்கொண்டு போனான்.

காலையில் அவன் நாகமலையைத் தாண்டியிருப்பான் என்று தோன்றிய நேரத்தில் நான் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டேன். எனக்கும் இப்போது கடைவாய்ப் பல் கிடையாது. முதலில் ருசியே இல்லை, வெறும் கல். வெகுநேரம் கழித்துச் சுக்கு தெரிந்தது. அந்த ரோட்டுப் புளியமரங்களை வெட்டி அகலப்படுத்திவிட்டார்களாம். நிழலில்லாத ரோட்டில் ஒரு கன்னம் புடைத்த ஆள் மூட்டையோடு மிதித்துப் போவதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செக்கானூரணி இருக்குமோ என்னமோ, வெல்லம் இறங்க ஆரம்பித்தது.

போன் அடித்தது. "அம்மா, உசிலம்பட்டி வந்துட்டேன். சாப்டியா?"

"ம்."

"என்னம்மா, வாயில என்ன வச்சிருக்க?"

எடுத்துவிட்டுப் பேசியிருக்கலாம். கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது.

"ம்ஹும்" என்றேன்.