அவசரகால ஐஸ்

ஊர்காவற்றுறைக் கரையிலுள்ள ஐஸ் தொழிற்சாலையில் பராமரிப்புக்கும் பாதுகாப்புக்கும் பொறுப்பாக நான் சேர்ந்தபோது, அங்கே ஒருநாளும் பழுதாகாத பொருள் ஒன்றே ஒன்றுதான் என்று பெருமையோடு காட்டினார்கள். அது சைரன். குளிரூட்டும் அமோனியா கசிந்தால் எல்லோரையும் வெளியே ஓடச்செய்வதற்காகப் பொருத்தப்பட்டது. அமோனியா கசியவேயில்லை. இவ்வளவு நல்ல சைரன் சும்மா கிடக்கிறதே என்று, ஐஸ் தயாரானதை ஊருக்கு அறிவிக்க அதை ஊதத் தொடங்கியிருந்தார்கள்.

இதை அறியாமல் என் முதல் பாதுகாப்பு ஒத்திகையை நடத்தினேன். சைரன் ஊதியதும் ஊழியர்கள் வெளியே ஓடவில்லை. ஐஸ் தூக்குவதற்காகத் தொட்டியடிக்கு ஓடினார்கள். வெளியே நின்ற சனம் மீனுக்கான ரெஜிபோம் நுரைப்பெட்டிகளோடு உள்ளே ஓடிவந்தது. நான் கொம்பிரசர் அறை வாசலில் கைகளை விரித்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, உள்ளுக்கு வராதேங்கோ! அமோனியா கசியுது எண்டு நினையுங்கோ!"

"நினைக்கிறன் பிள்ளை," என்றார் மீன் விற்கும் அக்கா, பெட்டியால் என்னை விலக்கியபடி. "நினைச்சுக்கொண்டே ஐஸையும் எடுக்கிறன். மீன் எனக்காகப் பாத்துக்கொண்டு கிடக்காதெல்லோ."

அடுத்த மாதம் மாவட்டத்திலிருந்து அதிகாரி ஒருவர் இதே ஒத்திகையைப் பார்வையிட வரவிருந்தார். அவர் திருப்தியடையாவிட்டால் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்படாது. ஐஸ் இல்லாமல் பிடித்த மீனெல்லாம் கரையிலேயே பழுதாகும். எப்படியாவது அவரைத் திருப்திப்படுத்திவிட்டு வழக்கத்தை அப்படியே விட்டாலோ, உண்மையாகவே வாயு கசியும் நாளில் ஊரையே நாங்கள் சைரன் ஊதி அதற்குள் அழைத்தவர்களாவோம். இரண்டையும் எடைபோட்டுப் பார்த்து, ஐஸுக்குத் தனியாக ஒரு மணி வாங்கிக் கட்டினேன்.

மணி அடித்த முதல் நாள் ஒருவரும் பெட்டியோடு வரவில்லை. வேட்டியைச் சரிசெய்தபடி படகுச் சொந்தக்காரரான சம்மாட்டியார் ஒருவர்தான் முதலில் வந்தார்.

"ஆர் பிள்ளை மோசம் போனது?"

"ஒருத்தரும் இல்லை ஐயா. ஐஸ் வந்திருக்கு."

"ஐஸுக்கோ சாவுமணி அடிக்கிறீர்? நான் கடலுக்குப் போகாமல் நிண்டிட்டனே!"

மணியைக் கழற்றினேன். மக்களின் கால்களைத் திருத்துவதைவிட, கால்கள் போய்ச் சேரும் இடத்தைத் திருத்துவது இலகு என்று அப்போதுதான் தோன்றியது. மதிலுக்கு வெளியே, காற்று வரும் பக்கமாக நின்ற பூவரசின் கீழ் 'ஒன்றுகூடும் இடம்' என்ற பச்சைப் பலகை கேட்பாரற்று நின்றது. ஐஸ் விற்பனையை அங்கே மாற்றினேன். ஐஸை முதலில் வண்டிலில் மரத்தடிக்குக் கொண்டுபோவோம், பிறகுதான் சைரன். ஊழியர்களுக்குரிய இலவசத் துண்டும் அங்கேதான், முதலில் வருபவருக்குப் பெரிய துண்டு.

அதிகாரி வந்த அன்று, சைரன் ஊதி முடியுமுன்பே ஊழியர்கள் அவரைத் தாண்டி ஓடினார்கள். கொம்பிரசர் இயக்கும் அண்ணை ஒற்றைச் செருப்போடு முதலாவதாகப் போய்ச் சேர்ந்தார். அதிகாரி தலைகளை எண்ணிவிட்டுக் குழம்பினார்.

"மிஸ், உங்கட ஆக்களைவிட மூண்டு மடங்கு கூடவெல்லோ நிக்கினம்?"

"அயலாக்கள், சேர்."

"உள்ளுக்கு ஒருத்தரும் இல்லையோ?"

"உள்ளுக்கு என்ன கிடக்கு, சேர்?" என்று கேட்டார் அண்ணை, ஐஸ் துண்டை உடுத்திருந்த சாரத்தில் சுற்றியபடி.

மறைப்பது சரியல்ல என்று எண்ணி, ஐஸ் ஏற்பாட்டை அதிகாரிக்கு விளக்கினேன். அவர் சற்று யோசித்தார்.

"அப்ப, உண்மையா கசியிற அண்டைக்கு மரத்தடியில ஐஸ் இராதே. சனம் தேடிக்கொண்டு உள்ளுக்குப் போகாதோ?"

நான் எடைபோடாமல் விட்டது அது ஒன்றைத்தான். உடனே மீன் விற்கும் அக்கா எனக்கு உதவ முன்வந்தார்.

"போவம் சேர்! கட்டாயம் போவம்!"

அனுமதிப்பத்திரம் கரைந்து வழிந்தோடுவதை நான் கண்ணால் கண்டேன். ஆனால் அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு நிபந்தனையோடு கையொப்பமிட்டார்: மரத்தடியில் எந்நேரமும் ஒரு பெட்டி ஐஸ் இருக்கவேண்டும்.

ஆகவே எங்கள் பாதுகாப்பு உபகரணங்களில், தீயணைப்புக் கருவிக்கும் சுவாசக் கவசத்துக்கும் அடுத்தபடியாக, சிவப்புப் பெட்டியில் அவசரகால ஐஸும் உண்டு. அதை நாள்தோறும் பரிசோதிக்கிறேன். உருகியிருந்தால் பழுது, நிரப்பினால் திருத்தம்.

சென்ற வாரம் மூடியைத் திறந்தபோது உள்ளே ஒரு பெரிய விளைமீன் கிடந்தது.

"அண்ணை, இது ஆரின்ர மீன்?"

"என்ரதான் மிஸ். பின்னேரம் வீட்ட போகேக்க எடுக்கிறன்."

எடுக்கச் சொல்ல வாய் திறந்தேன். பிறகு விளைவுகளை எண்ணிப் பார்த்து, மூடியை மெதுவாக மூடினேன். தன் மீன் இங்கே கிடக்கும்வரை, சைரன் ஊதினால் கொம்பிரசர் அறையிலிருந்து முதலில் வெளியே ஓடிவருபவர் அவராகத்தான் இருப்பார். மற்ற ஊழியர்களும் மீன் வைப்பதற்கு வசதியாக, இன்னும் பெரிய பெட்டி ஒன்று கேட்டு எழுதியிருக்கிறேன்.