வெயிலைத் தாங்கிய கிருமி

பயிருக்கு நல்லது செய்யும் நுண்ணுயிர்களைத் தேடி எடுத்து, வளர்த்து, பாட்டிலில் அடைத்து விவசாயிகளுக்குக் கொடுக்கிற சின்ன கம்பெனி ஒன்றில் ஆராய்ச்சி வேலை எனக்கு. விருதுநகர் பக்கம் இந்த வேலைக்குப் பெரிய எதிரி வெயில்தான். வெளியூரில் நல்ல பெயர் வாங்கிய பாக்டீரியாக்கள்கூட எங்கள் கரிசலில் சித்திரையைத் தாண்டாது. மண் சூடேறியதும் செத்துவிடும். சூட்டைத் தாங்குகிற ஒன்று உள்ளூர் மண்ணிலேயே இருக்காதா என்று காடு காடாக அலைந்தேன்.

ஆமத்தூர்ப் பக்கம் ஒரு மக்காச்சோளக் காட்டில் அது கிடைத்தது. சுற்றிலும் பயிர் வாடிக் கிடக்க, ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் செடிகள் பச்சையாக நின்றன. அவற்றின் வேரில் ஒட்டிய மண்ணைக் கரைத்து ஆய்வகத்தில் வளர்த்தேன். மற்றவை எல்லாம் செத்துப் போகிற சூட்டில் இது மட்டும் தழைத்தது. கண்ணாடித் தட்டு முழுக்க நீலமும் பச்சையும் கலந்த நிறம். மூடியைத் திறந்தால் திராட்சை வாசம். அன்றைக்குக் கம்பெனியில் எல்லோருக்கும் காராச்சேவு வாங்கிக் கொடுத்தேன்.

முதல் சோதனைகளில், விவசாயிகள் வெகுகாலமாகப் பயன்படுத்தும் தீங்கில்லாத இனம் மாதிரித்தான் தெரிந்தது. மரபணுவைப் பார்த்து உறுதி செய்வதற்காக மதுரையில் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். என்னோடு படித்த தோழி அங்கே வேலை பார்த்தாள். முடிவு வருவதற்குள் புரட்டாசி மழை இறங்கிவிட்டது.

"ஒரே ஒரு காட்டுல போட்டுப் பாப்போம். விதைப்பு போச்சுன்னா இன்னொரு வருசம் காத்துக் கெடக்கணும்," என்றார் முதலாளி. எனக்கும் அதே எண்ணம்தான்.

ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் குத்தகைக்கு மக்காச்சோளம் போடும் ஒருவருக்கு இரண்டு பாட்டில் கொடுத்தேன். அவர் மனைவிக்குப் பட்டாசு ஆலையில் வேலை. தீபாவளி சீசன் என்பதால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் காட்டுப் பக்கம் வருவார். ஆறின கஞ்சியில் பாட்டிலை ஊற்றி, விதையைப் போட்டுப் பிசறி, நிழலில் உலர்த்தி விதைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

விதைப்பு முடிந்து சில நாளில் மதுரையிலிருந்து தோழி கூப்பிட்டாள். எடுத்ததும் நலம் விசாரிக்கிறவள், அன்று விசாரிக்கவில்லை.

"அடியே, அதைக் கையுறை போடாம தொட்டியா?"

"ஏன்?"

"நீ நினைச்ச இனம் இல்ல அது. அதோட பங்காளி. ஆஸ்பத்திரியில இருக்கிற கிருமி. சும்மா இருக்கிற ஆளை ஒண்ணும் செய்யாது. புண்ணு இருந்தா உள்ள போயிரும். தீக்காய வார்டுல இதக் கண்டாலே டாக்டருங்க நடுங்குவாங்க. வெளிய யாருக்கும் கொடுத்துரலையே?"

சூட்டைத் தாங்குகிறதே என்று நான் கொண்டாடிய குணம்தான் அதன் அடையாளம். மனித உடம்பின் சூடு அதற்குப் பொருட்டே இல்லை. ஆயிரம் ஆலை இருக்கிற ஊரில், தீக்காயம் இல்லாத தெருவே இல்லாத ஊரில், அதைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

அப்படியே ஸ்கூட்டரை எடுத்தேன். வழியில் ஆலைக்கு ஆள் ஏற்றும் வேன்கள் எதிரே வந்தன. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் கையையும் பார்த்துக்கொண்டே போனேன்.

குத்தகைக்காரர் தன் வீட்டு வாசலில் தார்ப்பாய் மடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம். வெயிலோட வந்திருக்கீக. தண்ணி குடிக்கீகளா?"

"அண்ணே, மிச்ச பாட்டில் எங்க?"

"உள்ளதான் இருக்கு. ஒண்ணுதான் செலவாச்சு."

"விதையைப் பிசைஞ்சது யாரு?"

"வீட்ல உள்ளவதான். வேலையில கொஞ்சூண்டு வெடிமருந்து பொசுங்கி அவ கையில சுட்டுருச்சு, அதான் லீவுல இருக்கா. துணியச் சுத்திக்கிட்டுப் பிசைஞ்சா. நேத்துல இருந்து காய்ச்சலா வேற கெடக்கா."

உள்ளே அந்த அக்கா பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். முழங்கைக்குக் கீழே சுற்றிய துணியில் பச்சையாக ஏதோ கசிந்திருந்தது. ஏதோ பச்சிலை அரைத்துக் கட்டியதாகச் சொன்னார். இலையின் பச்சையா, கிருமியின் பச்சையா என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. கட்டைத் தொட்டுப் பிடித்துக் குனிந்து முகர்ந்தேன். திராட்சை வாசம் வருகிற மாதிரி இருந்தது. மறுபடி முகர்ந்தால் இல்லாத மாதிரி இருந்தது.

"என்ன தாயி மோந்து பாக்கீக?" என்று சிரித்தார்.

"அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போவோம். இப்பவே போகணும்."

விஷயத்தை இருவருக்கும் சொன்னேன். அந்த அண்ணனுக்கு முகம் சுண்டிவிட்டது. தெருமுனைக்குப் போய் ஆட்டோவைக் கூட்டி வந்தார். போகும் வழியில் முதலாளிக்குப் போன் செய்தேன். "கூட்டிட்டுப் போங்க, செலவை நான் பாத்துக்கறேன். ஆனா நம்ம பாட்டில் விஷயம் எதுக்கு அங்க?" என்றார்.

அரசு ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: கிருமியின் பெயர், அது எங்கிருந்து வந்தது, எந்த மருந்துக்கு அடங்கும் என்று தோழி சொன்னது, கம்பெனியின் பெயர் உட்பட.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இதைச் சொன்னீங்களே, நல்லதாப் போச்சு. தீக்காய வார்டுல சேர்க்க இருந்தேன். தனி ரூம்ல வைக்கிறேன். நீங்களும் வார்டுப் பக்கம் போகாதீங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பாட்டிலை எடுத்து வந்த என் கை, அந்தக் கட்டைத் தொட்ட என் கை, என் சேலை. குழாயடியில் நின்று முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். கழுவி முடித்து, திரும்பவும் கழுவினேன். அந்த நேரம் பார்த்து ஆம்புலன்ஸ் உள்ளே வந்தது. எங்கோ ஓர் ஆலையில் விபத்து. வாழையிலையில் கிடத்தியபடி இரண்டு பேரை இறக்கினார்கள். கூட வந்த பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு ஓடினார்கள். ஒருத்தி தடுமாறி என் பக்கம் கையை நீட்டினாள். பிடிக்கவில்லை நான். பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவள் தானே சுதாரித்து உள்ளே போய்விட்டாள்.

புண்ணிலிருந்து பஞ்சில் எடுத்த சீழ் வளர்ந்து முடிவு தெரியும்வரை ஆஸ்பத்திரிக்கு வெளியே வேப்பமரத்தடியில்தான் பகலெல்லாம் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போனால் குழந்தையைத் தூக்கப் பயம், சோறு பிசையப் பயம். அண்ணன் வெளியே வந்து என் பக்கத்தில் உட்காருவார். திட்டினால் தேவலை என்று இருக்கும். ஒரு தடவை மட்டும், "அந்தக் காட்டுல கால் வைக்கலாமா மேடம்?" என்று கேட்டார். "செருப்புப் போட்டுக்கிட்டுப் போங்க அண்ணே," என்றேன். பாட்டிலைத் திரும்ப வாங்கிவிடலாம். மண்ணில் விழுந்ததை எப்படிப் பொறுக்குவது?

டாக்டரே வெளியே வந்து சொன்னார். "உங்க கிருமி இல்ல. சாதாரணமா புண்ணுல சீழ் வைக்கிறதுதான். ஊசிக்கு நல்லாக் கேட்குது, காய்ச்சல் விட்ருச்சு."

மிச்ச பாட்டிலையும் ஆய்வகத்தில் வைத்திருந்ததையும் கொதிநீராவியில் வைத்துக் கொன்றேன். ஆனால் அந்தக் காடு இருந்தது. மாதாமாதம் போய் மண் எடுத்து வந்து சோதித்தேன். தை மாதம் வரை தட்டில் அந்தப் பச்சை வந்தது. மக்காச்சோளம் என்னவோ அமோகமாக விளைந்திருந்தது. அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஒருநாள் மண் எடுக்கும்போது அந்த அக்கா ஆலை வேனுக்காக ரோட்டோரம் நின்றிருந்தார். கையில் தழும்பு வெளுத்திருந்தது.

"இன்னும் அங்கனயேதான் வேலைக்குப் போறீங்களா அக்கா?"

"வேற எங்கன போக? நா தெனமும் மருந்துக்கு நடுவுல உக்காந்து எந்திரிக்கேன். நீங்க கண்ணுக்குத் தெரியாததுக்கு இம்புட்டுப் பயப்படுறீக," என்றார். வேன் வந்ததும் ஏறிக்கொண்டார். அது திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

பங்குனியில் எடுத்த மண்ணில் அது இல்லை. சித்திரையிலும் இல்லை. மற்ற கிருமிகளோடு போட்டி போட முடியாமல் ஓய்ந்துவிட்டது என்று தோழி சொன்னாள். சந்தேகம் தீராமல் ஆடி வரைக்கும் எடுத்துப் பார்த்தேன்.

இப்போது கையில் இருப்பது வேறு ஒன்று. அவ்வளவு வெயில் தாங்காது, பெயர் மட்டும் உறுதியாகத் தெரியும். மதுரையிலிருந்து முடிவு வராமல் ஒரு பாட்டில்கூட வெளியே போவதில்லை. போன புரட்டாசியில் அதனால் ஒரு விதைப்பு தவறியது. முதலாளி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மழை பெய்து ஓய்ந்தது. நான் ஆய்வகத்திலேயே இருந்தேன்.