தவறாகப் பூட்டிய தாடை

1. உட்கார வையுங்கள்!

கீழ்த்தாடை இரண்டு பக்கமும் முறிந்து வருகிறவரை மல்லாக்கப் படுக்க வைக்கக் கூடாது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். கோமளா வந்த அன்றும் கத்தினேன்.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் எங்கள் மருத்துவமனை இருந்தது. அங்கே நான் முகத்தாடை அறுவை மருத்துவர். "நீங்க பல்லு டாக்டரா, ஆபரேஷன் டாக்டரா?" என்று கேட்பவர்களிடம், "ரெண்டும்தான், உக்காருங்க" என்பேன். இந்தப் பக்கம் இரு சக்கர வண்டிக்கும் குறைவில்லை, சாலையோர மணலுக்கும் குறைவில்லை. அதனால் எனக்கு வேலைக்கும் குறைவில்லை.

அன்று பிற்பகல் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கம்பெனி பஸ் நேராக எமர்ஜென்சி வாசலில் வந்து நின்றது. சர்வீஸ் ரோட்டில் ஸ்கூட்டர் சறுக்கி, மோவாய் தரையில் மோத விழுந்த பெண்ணை பஸ்ஸில் இருந்தவர்களே தூக்கி வந்திருந்தார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் நான்கு பேர் அவளை டிராலியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கையை உதறி, காலை உதைத்து எழப் பார்த்தாள்.

"படும்மா, சும்மா படு. ரத்தம் போவுது பாரு" என்றார் ஒருவர்.

"யோவ், கைய எடுங்கய்யா! மூச்சு அடைக்குது அவளுக்கு, உக்கார வைங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் எங்கள் செக்யூரிட்டியே உட்கார்ந்துவிட்டார்.

தாடை இரண்டு பக்கமும் முறிந்தால் நடுவில் உள்ள மோவாய்த் துண்டு பின்னால் போய்விடும். அதோடு நாக்கும் போய்த் தொண்டையை அடைக்கும். உட்கார வைத்து முன்னால் குனிய வைத்தோம். ரத்தம் வெளியே வடிந்தது, மூச்சு உள்ளே போனது. நான் வருவதற்கு முன்பே அவள் உடம்புக்கு இது தெரிந்திருந்தது. அதைத்தான் அவள் நான்கு பேரோடு மல்லுக்கட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

2. புத்தகக் கடி

கோமளாவுக்கு முப்பது வயதிருக்கும். கார் சீட்டுக்கு உறை தைக்கும் கம்பெனியில் தையல் லைனில் வேலை. கணவர் ஏழுமலை வேறொரு கம்பெனிக்கு பஸ் ஓட்டுகிறவர். தலையிலும் கழுத்திலும் அடியில்லை என்று ஸ்கேனில் தெரிந்ததும், மறுநாள் காலையில் ஆபரேஷன் வைத்துக்கொண்டோம்.

எங்கள் தொழிலில், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் விதத்துக்குக் கடி என்று பெயர். முதலில் கடியைச் சரியாகச் சேர்த்துக் கம்பியால் பூட்ட வேண்டும். அதன் பிறகுதான் எலும்பில் பிளேட் வைத்து ஸ்குரூ போட வேண்டும். கடி தப்பினால் எல்லாம் தப்பும். சந்தேகம் இருந்தால் பல்லை அளவெடுத்து, பிளாஸ்டரில் மாடல் வார்த்துப் பார்த்துக்கொள்வோம். எங்கள் லேப் டெக்னீஷியன் பாஸ்கர் முந்தின நாளே கேட்டார்.

"மாடல் எடுத்துரலாமா மேடம்? ஓரப்பல்லு ரெண்டு வேற விழுந்திருக்கு."

"அவளுக்கு வாயே தொறக்க முடியல, இதுல மாடல் வேறயா? நான் பாத்துக்கறேன்" என்றேன்.

பார்த்துக்கொண்டேன். மேல்வரிசை முன்பற்கள் கீழ்வரிசையைச் சற்று மூடினாற்போல், பாடப்புத்தகப் படத்தில் போட்டிருக்குமே, அப்படிப் பூட்டினேன். இரண்டு பக்கமும் பிளேட் கச்சிதமாக உட்கார்ந்தது. எக்ஸ்-ரேயைப் பார்த்து எனக்கே என் மேல் திருஷ்டி பட்டிருக்கும். அவ்வளவு அழகு. ஜூனியர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

3. "சேரல மேடம்"

எட்டாம் நாள், மேலும் கீழும் இழுத்துக் கட்டியிருந்த ரப்பர் வளையங்களைக் கழற்றிப் பார்த்தேன். கோமளா மெதுவாக வாயைத் திறந்து மூடினாள். முகம் சுளித்தாள்.

"சேரல மேடம்."

"எது சேரல?"

"பின்னாடி பல்லு. அப்பறம் முன்பல்லும் என்னோடது மாதிரி இல்ல. வேற யாரோ வாய எனக்கு மாட்டினாப்புல கீது."

"வீக்கம் இன்னும் வத்தல. பழகிடும்" என்றேன். இந்தப் 'பழகிடும்' என்ற சொல்லை எங்கள் தொழிலில் தடை செய்தால் நல்லது.

"நூல் கடிக்க வருமா?"

"நூல எதுக்கும்மா பல்லால கடிக்கிற? கத்திரிக்கோல் கிடையாதா?"

"கத்திரிய மெஷின்லயே கட்டி வெச்சிருப்பாங்க. கைய அங்க கொண்டுபோயி எடுத்து வெட்றதுக்குள்ள அடுத்த பீஸ் வந்துடும். சூப்பர்வைசர் திட்டுவாரு, ஆனா லைன்ல எல்லாம் பல்லாலதான் கடிப்போம்."

ஏழுமலை நடுவில் புகுந்தார். "விடு கோமளா. முன்ன விட இப்ப மூஞ்சி நல்லாத்தான் கீது. தாடை தூக்கலா தெரியல. இல்ல டாக்டர்?"

கோமளா அவர் பக்கம் திரும்பினாள். "உன் கண்ணுக்கு நல்லா இருந்து நான் இன்னா பண்றது? சோறு நான் துன்றனா, நீ துன்றியா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பில் ஒன்றைக் கோட்டை விட்டேன். தாடை முன்பு தூக்கலாக இருந்தது என்று கணவரே வாய்விட்டுச் சொன்னார். என் காதில் விழுந்ததெல்லாம் 'மூஞ்சி நல்லாத்தான் கீது' மட்டும்தான். புது ரப்பர் மாட்டி, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னேன்.

மூன்றாம் நாளே வந்து நின்றாள். ஓபி ஆரம்பிப்பதற்கு முன்பே என் அறை வாசல் பெஞ்சில் இருந்தாள்.

"அடுத்த வாரம்தானே வரச் சொன்னேன்?"

"இன்னிக்கே பாருங்க மேடம். பாக்காம போவ மாட்டேன். கஞ்சியும் பாலுமா எத்தினி நாளு குடிக்கிறது? நாளைக்கி ரப்பர் எடுத்தா மட்டும் மென்னுட முடியுமா? சேரலன்னா சேரல."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை வருஷ அனுபவம் எனக்கு, இவள் வந்து சொல்லித்தர வேண்டுமா என்று தோன்றியது. அவள் வாயை அடைக்கத்தான் பாஸ்கரைக் கூப்பிட்டு, "மாடல் எடுத்து இந்தம்மா கையில குடுங்க. கண்ணால பாத்துக்கட்டும்" என்றேன். நல்ல எண்ணத்தில் எடுத்த மாடல் இல்லை அது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஒரு மணி நேரம் கழித்து பாஸ்கர் கதவைத் தட்டினார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"மேடம், கொஞ்சம் லேபுக்கு வர முடியுமா?"

மேஜை மேல் மேல்வரிசையும் கீழ்வரிசையும் பிளாஸ்டரில் இருந்தன. மேல் முன்பல் ஒன்றின் விளிம்பில் சின்னதாக ஒரு பள்ளம். கீழ் முன்பல் ஒன்றிலும் அதே அளவுக்கு ஒரு பள்ளம்.

"நூல் கடிச்சுக் கடிச்சுத் தேஞ்சது மேடம். மேல்பல்லு கீழ்ப்பல்ல மூடியிருந்தா ரெண்டு முனையும் இப்பிடி எதிரெதிரே தேயாதே."

சின்ன ரம்பத்தை எடுத்து, முறிவு இருந்த இரண்டு இடத்திலும் கீழ் மாடலை அறுத்தார். நடுத்துண்டை முன்னால் நகர்த்தினார். பள்ளமும் பள்ளமும் நேருக்கு நேர் வந்து உட்கார்ந்தன. ஓரத் துண்டுகளை வெளிப்பக்கம் லேசாகத் திருப்பியதும் கடைவாய்ப் பற்கள் மொத்தமும் சேர்ந்துகொண்டன.

கோமளா பிறந்ததிலிருந்தே முன்பற்கள் முனையும் முனையுமாக முட்டுகிற வாய்க்காரி. நான் அவளுக்குப் புத்தகத்தில் இருக்கிற வாயைப் பூட்டி அனுப்பியிருக்கிறேன்.

4. ரீவொர்க்

அன்று பதினோராம் நாள். முறிவு இன்னும் இறுகவில்லை. உடனே செய்தால் பிளேட்டை எடுத்துவிட்டுத் திருத்தி வைக்கலாம். 'பழகிடும்' என்று இன்னும் சில வாரம் ஓட்டியிருந்தால், சேர்ந்த எலும்பை வெட்டித்தான் திருத்த வேண்டும். அதுவரை அவளால் எதையும் ஒழுங்காக மென்று தின்ன முடியாது. காதோரம் தாடைப் பூட்டும் வலிக்க ஆரம்பித்துவிடும்.

இருவரையும் உட்கார வைத்து மாடலைக் காட்டிச் சொன்னேன். "கோமளா, நீ சொன்னதுதான் சரி. நான் தப்பா பூட்டிட்டேன். மறுபடி ஆபரேஷன் பண்ணணும்."

ஏழுமலை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "இன்னா டாக்டர், வெளையாட்டா கீதா? ஒருவாட்டி அறுத்து அவ பட்டது பத்தலியா?"

அவர் கத்தியதில் தப்பே இல்லை. பிறகு கோமளாவிடம், "என் மேல நம்பிக்கை இல்லன்னா தப்பில்ல. சென்னையில என்னை விடப் பெரியவங்க இருக்காங்க. இன்னிக்கே பேசி, எல்லா பேப்பரும் குடுத்து அனுப்பறேன்" என்றேன்.

கோமளா மாடலைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பள்ளத்தை நகத்தால் தடவினாள்.

"எங்க லைன்ல கவர் ரிஜெக்ட் ஆச்சின்னா, யாரு தச்சாங்களோ அவங்க டேபிளுக்குத்தான் ரீவொர்க்குன்னு திரும்பி வரும் மேடம். ஊசி எங்க ஏறிச்சி, எங்க எறங்கிச்சின்னு தச்சவளுக்குத்தான் தெரியும். வேற ஆளு பிரிச்சா துணி கிழிஞ்சிடும். நீங்களே பிரிங்க."

சரி என்று தலையாட்டினேன்.

"ஆனா ஒண்ணு" என்றாள். "இந்த வாட்டி என் பேச்சக் கேட்டுத் தைங்க."

மறுநாள் பாஸ்கர் அந்த மாடலை வைத்தே அக்ரிலிக்கில் ஒரு அச்சுத் தகடு செய்து கொடுத்தார். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் அதில் பதிந்தால் கோமளாவின் கடி தவிர வேறு கடி வராது. பழைய பிளேட்டைக் கழற்றும்போது ஒவ்வொரு ஸ்குரூவும் எந்தப் பக்கம் சாய்ந்து இறங்கியிருந்தது என்பது என் கைக்கு ஞாபகம் இருந்தது. அவள் சொன்னது சரிதான். ஆபரேஷன் குறிப்பில் 'இரண்டாம் அறுவைக்குக் காரணம்' என்ற இடத்தில், முதல் அறுவையில் கடியைத் தவறாகக் கணித்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நிர்வாகத்தில் ஒருவர், "கொஞ்சம் வேற மாதிரி எழுதலாமே மேடம்" என்றார். "வேற மாதிரி நடக்கலையே" என்றேன்.

இளைய டாக்டர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். மாடலுக்கு நேரமில்லை என்று சொல்லாதீர்கள். மறு ஆபரேஷனுக்கு மட்டும் நமக்கு எங்கிருந்தோ நேரம் வந்துவிடுகிறது. தாடை முறிந்து வருகிறவரிடமும் கூட வருகிறவரிடமும், அடிபடுவதற்கு முன்னால் பல் எப்படிச் சேரும் என்று கேளுங்கள். பல்லால் என்ன வேலை செய்வார் என்றும் கேளுங்கள். 'சேரல' என்று நோயாளி சொன்னால், உங்கள் எக்ஸ்-ரே எவ்வளவு அழகாக இருந்தாலும் சேரவில்லை என்றுதான் அர்த்தம்.

இரண்டு வாரம் கழித்து ரப்பரைக் கழற்றினேன். பழக்க தோஷத்தில் கோமளாவிடம் கண்ணாடியை நீட்டினேன். அவள் அதை வாங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பற்களை மெல்லச் சேர்த்தாள். மறுபடி சேர்த்தாள். டக், டக் என்று சத்தம் எனக்கே கேட்டது. பாஸ்கர் கதவோரம் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். நானும் அப்படித்தான் நின்றேன்.

ஏழுமலை அவள் முகத்தை இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, "டாக்டர், பழைய மூஞ்சியே வந்துட்ச்சே" என்றார். குரலில் துளி வருத்தம் இருந்ததோ என்னவோ.

கோமளா கண்ணைத் திறந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது, வாயெல்லாம் சிரிப்பு.

"அது என் மூஞ்சிய்யா" என்றாள். "எழுந்திரு. போயி இட்லி துன்னலாம்."