சம்மனசு உட்கார்ந்த இடம்

காவல் சம்மனசுக்கு எடை உண்டா என்பதுதான் இரண்டாம் வகுப்பில் என்னை அலைக்கழித்த கேள்வி.

ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பை ஒட்டிக் கன்னியர்கள் நடத்திய பள்ளி அது. அப்பா தொழிற்சாலையில் வேலை பார்த்தார். நாங்கள் கிறிஸ்தவர்கள் அல்ல. ஆனாலும் காலையில் நெற்றியிலும் மார்பிலும் தோள்களிலும் விரல் வைத்துச் சிலுவை போடவும், பெரியவர்கள் உள்ளே வந்தால் எழுந்து நிற்கவும், வாய்ப்பாட்டை ராகம் போட்டு ஒப்பிக்கவும் எல்லோரையும் போல நானும் கற்றுக்கொண்டேன். வீட்டில் முருகன் படத்துக்கு முன் சிலுவை போட்டபோது அம்மா தடுக்கவில்லை. படிப்பு எந்தப் பக்கமாக வந்தாலும் வரட்டும் என்று விட்டிருப்பாள்.

எங்கள் சிஸ்டர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். ஒருநாள், ஒவ்வொரு பிள்ளையையும் காக்கக் கடவுள் ஒரு சம்மனசை அனுப்பியிருக்கிறார், அந்தத் தேவதூதர் கண்ணுக்குத் தெரியாமல் பிள்ளையின் கூடவே இருப்பார் என்று சொன்னார்.

"கொஞ்சம் தள்ளி இருங்க மக்களே. சம்மனசுக்கும் இடம் வேணும்லா."

வகுப்பு முழுக்கச் சரசரவென்று நகர்ந்தது. நான் எழுந்து, "எனக்கும் உண்டா சிஸ்டர்? நாங்க பிள்ளையார் கோயிலுக்குத்தான் போவோம்" என்றேன்.

"அதனால என்ன? எல்லாருக்கும் உண்டு."

அதற்குப் பிறகு எனக்கு வேறு நினைப்பு இல்லை. கதவைச் சாத்துமுன் அதன் இறக்கை உள்ளே வந்துவிட்டதா என்று ஒரு கணம் காத்திருந்தேன். பாதி இட்லியை அதற்காக ஒதுக்கி வைத்தேன். அதை அண்ணன் தின்றுவிட்டான். என் பெஞ்சில் மூன்றாவதாக உட்கார்ந்திருந்தவன் அப்பாவின் மாற்றலோடு திருச்சிக்குப் போயிருந்தான். அதனால் மற்றவர்களின் சம்மனசுகள் நாலு விரற்கடையில் ஒடுங்கிக்கிடக்க, என்னுடையது மட்டும் ஓர் ஆளுக்குரிய இடத்தில் சௌகரியமாக இருந்தது.

அப்போதுதான் கஜேந்திரன் வந்து சேர்ந்தான். அவன் அப்பா எங்கள் குடியிருப்பைப் பெருக்கவும் கழிவறைகளைக் கழுவவும் புதிதாக வந்தவர். கடைசி வரிசையில் அவர்களுக்கு வீடு. அவர்கள் வந்த அன்றே அம்மா என்னிடம், "அந்தப் பையனோட ஒட்டாதே. யார்கிட்டயும் இதைச் சொல்லிக்கிட்டு இருக்காதே" என்று சொல்லியிருந்தாள். சாதி என்ற சொல் எங்கள் வீட்டில் புழங்கியதில்லை. புழங்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

சிஸ்டர் அவனை என் பெஞ்சுக்கு அனுப்பினார். நான் எழுந்து, "இங்க என் சம்மனசு இருக்கு சிஸ்டர்" என்றேன்.

வகுப்பு சிரித்தது. தான் சொல்லிக்கொடுத்ததே திரும்பி வந்து நின்றதில் சிஸ்டர் ஒரு கணம் திகைத்துப்போனார். அதற்குள் கஜேந்திரனே, "பரவால்ல சிஸ்டர், நான் கீய குந்திக்கிறேன்" என்று என் பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லமாட்டேன். சம்மனசை நம்பினேன், அது உண்மை. ஆனால் சம்மனசைச் சொன்னால் அம்மா சொன்னதைச் சொல்ல வேண்டியதில்லை என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

கஜேந்திரனுக்கு என்மேல் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. தரையிலிருந்து பெஞ்சை அண்ணாந்து பார்த்துக் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பான்.

"எம்மாம் பெருசு கீது உன் சம்மனசு?"

"தெரியாது. கண்ணுக்குத் தெரியாதுல்ல."

"அப்ப வந்துச்சா போச்சான்னு எப்பிடிடா கண்டுபுடிப்ப? எங்கூட்ல எலி வருதான்னு பாக்க எங்கம்மா மாவு தூவி வெப்பாங்க. காலையில காலு அச்சா தெரியும்."

சம்மனசை எலியோடு சேர்த்ததில் எனக்கு வருத்தம்தான். ஆனால் யோசனை நல்ல யோசனை. மறுநாள் மதியம் எல்லோரும் வேப்பமரத்தடிக்குச் சாப்பிடப் போனதும், சாக்பீஸ் தூளை அந்த இடத்தில் தூவிவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், தூளின் நடுவில் அருகருகே இரண்டு வட்டங்கள். யாரோ உட்கார்ந்து எழுந்த தடம். இறக்கைத் தடம் இல்லை. மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்று முடிவு செய்தேன்.

வகுப்பே திரண்டு வந்தது. ஞானஸ்நானம் பெற்ற பையன்களின் சம்மனசுகள் எதுவும் செய்யாததை என் சம்மனசு செய்திருந்தது. ஒருவன் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கஜேந்திரனும் எட்டிப் பார்த்து, "ஆமாடா, வந்து கீது" என்றான்.

சிஸ்டர் வந்தார். தடத்தைப் பார்த்தார். கஜேந்திரனை எழுந்து நிற்கச் சொன்னார், திரும்பி நிற்கச் சொன்னார், பிறகு உட்காரச் சொன்னார். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. அப்புறம் டஸ்டரால் பெஞ்சைத் துடைத்துவிட்டு, "நாளையிலேருந்து கஜேந்திரன் இங்கதான் இருப்பான்" என்றார்.

"அப்போ சம்மனசு?"

"அது உன்னைவிட நல்ல பிள்ளை. இடம் கொடுக்கும்."

வீட்டுக்குப் போய் அழுதேன். சம்மனசே வந்து உட்கார்ந்த இடத்தில் அவனை உட்கார வைக்கிறார்கள் என்று அழுதேன். அப்பா கேட்டுக்கொண்டார். ஆண்டு விழாவுக்குக்கூடப் பள்ளிப் பக்கம் வராதவர், மறுநாள் காலை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தலைமைக் கன்னியரைப் பார்க்க வந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"பையன் ரொம்ப பக்தியா இருக்கான் மதர். அந்த நம்பிக்கையை நாம கெடுக்க வேணாமே."

கஜேந்திரனுக்குத் தனியாக ஒரு முக்காலி போடச் சொல்வதாக மதர் கடைசியில் சொன்னார். அந்த முக்காலி வரவே இல்லை. பரீட்சை வரைக்கும் அவன் தரையில்தான் இருந்தான். சிஸ்டர் அதன்பிறகு சம்மனசுகளைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாம் வகுப்பில் கஜேந்திரன் இல்லை. பாடிப் பக்கம் போய்விட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். ஏன் போனார்கள் என்று நான் கேட்கவில்லை.

இப்போது கொரட்டூரில் இருக்கிறேன். ரயிலில் யாராவது, "சார், கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றால் தள்ளி உட்காராமல் எழுந்தே விடுகிறேன். வயதானவர் எழுந்திருப்பதைப் பார்த்து அவர்கள்தான் சங்கடப்படுகிறார்கள். அதனால் யாருக்கும் எதுவும் திரும்பக் கிடைக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

தூள் தூவிய அன்று மாலை நடந்த ஒன்றை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பள்ளி விட்டுக் குடியிருப்புச் சாலையில் கஜேந்திரன் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தான். அவன் காக்கி நிக்கரின் பின்புறம் வெள்ளையாக இருந்தது. தரையில் உட்காருகிறவனுக்கு ஒட்டத்தான் செய்யும் என்று அப்போது நினைத்தேன். பெஞ்சில் உட்கார்ந்தால் எப்படியிருக்கும் என்று பார்க்க உட்கார்ந்தானா, தூள் கலையாமல் கிடந்தால் நான் ஏமாந்துபோவேனே என்று உட்கார்ந்தானா, எனக்கு இன்றுவரை தெரியாது.

"டேய், பின்னாடி பாரு, ஒரே சாக்பீஸ்" என்று கத்தினேன்.

அவன் நின்று, இரண்டு கைகளாலும் பின்புறத்தைத் தட்டிக்கொண்டான்.

"அதான் வந்து குந்திச்சே. சந்தோசம்தானே?" என்றான்.

"ம்" என்றேன்.

"அப்ப சரி" என்று அவன் நடந்தான். நான் அவனோடு ஒட்டாமல், சாலையின் மறுபக்கமாக, என் சம்மனசுக்கு இடம் விட்டு நடந்தேன்.